பிள்ளைகளோடு மூச்சு முட்டும்போது: தோட்டப்புற நகரத்துப் பெற்றோர் முன் உள்ள வழிகள்

மலேசியாவில், கெடா மாநிலத்தின் தெற்கே, கூலிம் மாவட்டத்தில் இருக்கும் பாடாங் செராய் போன்ற ஊர்களில், இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் ஒரே பேச்சு திரும்பத் திரும்ப எழுகிறது. ஊரிலிருந்து அம்மாவை வரவழைத்துக்கொள்ளலாமா, பக்கத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பிள்ளை பார்க்கும் அக்காவிடம் விடலாமா, தாஸ்கா எனும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கலாமா, ஷிப்டை மாற்றிக்கொள்ளலாமா, இல்லை ஒரேயடியாக வேலையையே விட்டுவிடலாமா என்பதுதான் அந்தப் பேச்சு. பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், இருவரும் களைத்துக் கிடக்கும் வேளையில் நடப்பதால், எது மலிவு என்பதில் தொடங்கி யார் வீட்டார் உதவவில்லை என்பதில் போய் முடிகிறது. எந்த வழியையும் எடைபோடுவதற்கு முன்னால், ஒரு நாளில் எந்த மணி நேரத்தில் தாங்க முடியாமல் போகிறது என்பதைக் கண்டுகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அந்த நேரத்தை நாள் தவறாமல் தாங்கிப் பிடிக்கும் உதவி எதுவோ, அதற்கே முதலிடம் கொடுக்க வேண்டும். செலவுக் கணக்கு அதற்கு அடுத்தபடிதான்.

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்ட பிறகு, பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறை தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறத் தொடங்கியது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் காலை ஏழு மணிக்கு உள்ளே போகும் ஒரு தாய் மாலை ஏழு மணிக்கு வெளியே வருகிறாள். பேருந்து அவளைத் தாமான் முகப்பில் இறக்கிவிடும்போது மணி எட்டை நெருங்கிவிடுகிறது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று வயது மகன் காலைக் கட்டிக்கொள்கிறான். பத்து மாதக் கைக்குழந்தை பாலுக்கு அழுகிறது. அரிசி இன்னும் களையப்படவில்லை. மறுநாளைக்குத் துவைத்த சீருடை வெளிக் கொடியில் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பிள்ளையை அதட்டுவதும், முதுகில் ஒன்று வைப்பதும், பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதும் நடக்கின்றன. இவளுக்குப் பகல் முழுவதற்கும் நல்ல தாஸ்கா கிடைத்தாலும் எட்டு மணி முதல் பத்து மணி வரையிலான பாரம் அப்படியேதான் இருக்கும். வேலைக்குப் போகாமல் இரண்டு பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் தாய்க்கோ அந்த நேரம் முற்பகல் பதினொரு மணியாக இருக்கலாம். ஒன்று தூங்கினால் மற்றொன்று எழுந்துகொள்ளும், பேசுவதற்குப் பெரியவர் ஒருவர்கூட இல்லாத நேரம் அது. இருவருக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுக்க முடியாது.

எல்லோரும் முதலில் நினைப்பது பாட்டியைத்தான். பணம் செலவில்லை, பிள்ளையை அடிக்க மாட்டார் என்ற நம்பிக்கை உண்டு, காய்ச்சல் வந்தாலும் “இன்றைக்கு அழைத்து வராதீர்கள்” என்று சொல்ல மாட்டார். இவ்வளவும் உண்மையாக இருந்தும், இந்த வழியில் ஒரு நெருடல் இருக்கிறது. “நாங்க ஏழு பிள்ளைங்கள வளர்க்கலையா? ரெண்டுக்கே இப்படிச் சலிச்சுக்கிறியே!” என்ற பேச்சு பாட்டியோடு சேர்ந்தே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதைக் கேட்கும் இளம் தாய், தன்னிடம்தான் ஏதோ குறை என்று எடுத்துக்கொள்கிறாள். அந்த ஏழு பிள்ளைகள் வளர்ந்த தோட்டத்தை நினைத்துப் பார்த்தால் கணக்கு வேறாகத் தெரியும். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) போன தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார்கள். சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஓர் ஆயா அங்கே சாரோங் தொட்டில்களை ஆட்டிக்கொண்டிருந்தார். தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைப்பது பற்றி 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்திலேயே விதி உண்டு. மாலையில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலுக்கு வந்தால் சுவருக்கு அந்தப்புறம் பெரியம்மா, எதிர் வீட்டில் அத்தை, பிள்ளைகளை மேய்க்க மூத்த அக்காமார்கள் என்று எப்போதும் ஆள் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நிலம் போய், குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் சிதறிய பிறகு, அந்தக் கைகள் எல்லாம் போய்விட்டன. இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் ஒருத்தியிடம் ஒரு லயத்தின் வேலையே வந்து சேர்ந்திருக்கிறது. பாட்டிகள் பொய் சொல்லவில்லை. தங்களுக்கு இருந்த உதவியை உதவி என்று எண்ணிப் பார்க்கும் தேவை அவர்களுக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பாட்டியின் உடம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டி, முட்டிவலியும் இனிப்புநீரும் உள்ள ஒருவரிடம், தவழும் பிள்ளை ஒன்றையும் ஓடும் பிள்ளை ஒன்றையும் பன்னிரண்டு மணி நேரம் ஒப்படைப்பது, மூச்சு முட்டுவதை மகளிடமிருந்து தாய்க்கு மாற்றிவிடுவதாகவே இருக்கும். என்னைக் கேட்டால், பாட்டியின் உதவியை அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கேட்பதே சிறந்தது. பேருந்து வருவதற்குள் சோறு ஆகியிருக்கும். பெரியவனைக் கதை சொல்லிக் கட்டிப்போட ஓர் ஆள் இருக்கும். குழந்தையின் நாவில் தேன் தடவிச் சேனை வைப்பது பற்றி மட்டும் முன்கூட்டியே நயமாகப் பேசிக்கொள்வது நல்லது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது, அதை மருமகள் சொல்வதைவிடக் கிளினிக்கில் தாதி சொன்னால் வீட்டில் சண்டை வராது. பிள்ளையைப் பாட்டி ஊரிலேயே விட்டுவிட்டு மாதம் இருமுறை போய்ப் பார்த்துவரும் ஏற்பாடும் நம்மிடையே வழக்கத்தில் இருக்கிறது. நோய், கடன் என்று வேறு வழியில்லாத வீடுகளைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் களைப்புக்கு மருந்தாக மட்டும் இதைத் தேர்ந்தெடுத்தால், முதலாம் ஆண்டுக்குத் திரும்பி வரும் பிள்ளைக்கு அம்மா வீடு புது வீடாக இருக்கும். அப்போது தொடங்கும் அழுகை இப்போதைய அழுகையைவிடச் சிறியதாக இருக்காது.

அடுத்தது, பிள்ளை பார்க்கும் அக்கா. வேலைக்குப் போகும் குடும்பங்களை இந்த ஊரில் உண்மையில் நடத்திக்கொண்டிருப்பவர் இவர்தான். ஆறரை மணிக்கே பிள்ளையை வாங்கிக்கொள்வார். பேருந்து தாமதமானாலும் முகம் சுளிக்க மாட்டார். சில வீடுகளில் இரவு ஷிப்டுக்கும் ஏற்பாடு உண்டு. தொழிற்சாலை நேரத்தோடு ஒத்துப்போவதில் வேறு எந்த வழியும் இதற்கு ஈடாகாது. பலவீனம், மேற்பார்வை இல்லாததே. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகள் அல்லது அதற்கு மேல் கட்டணத்துக்குப் பார்ப்பவர் சமூகநல இலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும். மூன்று பிள்ளைகள் வரை பார்ப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே அதிகாரி பார்க்க வேண்டியதை நாமே பார்க்க வேண்டியிருக்கிறது.

எதைப் பார்ப்பது? வரவேற்பறை சுத்தமாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்; நேராகக் குளியலறைக்குப் போய் வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார்களா, கதவுக்குக் கொக்கி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் நடை பழகும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் சில அங்குலத் தண்ணீரே உயிருக்கு ஆபத்து. ஸ்பிரிங் தொட்டில் எதில் மாட்டியிருக்கிறது, அதன் கொக்கி துருப்பிடித்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். பகலில் அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டதற்காக முகம் கோணுபவரிடம் பிள்ளையை விட வேண்டாம். சேர்த்த பிறகும் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பதினொரு மணிக்குப் போய் நிற்க வேண்டும். தொலைக்காட்சி முன்னால் எல்லாப் பிள்ளைகளும் மரம்போல் உட்கார்ந்திருந்தால் அது ஒரு செய்தி; அக்கா தரையில் உட்கார்ந்து ஒருவனுக்கு ஊட்டிக்கொண்டே மற்றவனை அதட்டிக்கொண்டிருந்தால், அதுவும் ஒரு செய்திதான், நல்ல செய்தி.

பதிவு பெற்ற தாஸ்காவில் விதிகள் தெளிவாக இருக்கின்றன. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஐவருக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்கு வயதுவரை பத்துப் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் உள்ளவர்கள் பதிவு பெற்ற நிலையத்துக்குக் கட்டிய கட்டணத்தில் 3,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வரிக்கழிவு கோரலாம். உற்பத்தி வரிசையில் நிற்கும் பலருக்கு வரியே வராது என்பதால் இந்தச் சலுகை அவர்களை எட்டுவதில்லை. தாஸ்காவின் பெரிய குறை நேரம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு அதன் நேரத்துக்குள் அடங்காது. இன்னொன்று, கை கால் வாய்ப்புண் நோய் பரவும் மாதங்களில் கொப்புளம் தெரிந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், சில வேளை நிலையத்தையே மூடிவிடுவார்கள். அது சரியான நடைமுறை என்றாலும், அந்த வாரத்துக்கு மாற்று ஏற்பாடு இல்லாதவர்கள் திண்டாடிப்போவார்கள். எட்டு மணி முதல் ஐந்து மணி வரை வேலை பார்க்கும் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், கடை ஊழியர்கள் ஆகியோருக்கு மூன்று வயதுப் பிள்ளைக்கு இதுவே முதல் தேர்வாக இருக்கட்டும்.

கணவன் பகல் ஷிப்டு, மனைவி இரவு ஷிப்டு என்று மாற்றி மாற்றிப் போகும் வழியைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. காகிதத்தில் இதைவிட அழகான ஏற்பாடு இல்லை; கட்டணம் ஒரு காசு இல்லை, பிள்ளை எப்போதும் பெற்றவரிடமே இருக்கிறது. நடைமுறையிலோ வீட்டு வாசலில் தலைக்கவசமும் மோட்டார் சைக்கிள் சாவியும் கைமாறும்போது கைக்குழந்தையும் கைமாறுகிறது, “பால் குடிச்சாச்சு, பேம்பர்ஸ் மாத்தல” என்பதே அன்றைக்குத் தம்பதியர் பேசிய முழுப் பேச்சாகிறது. இரவெல்லாம் நின்று வேலை பார்த்து வந்தவர் பகலில் இரண்டு வயதுப் பிள்ளையை விழித்திருந்து பார்க்க வேண்டும் என்பது உடம்பால் ஆகாத காரியம். தாய் அசந்து தூங்கும் அந்த முக்கால் மணி நேரத்தில் அடுப்பும் திறந்த கதவும் சாக்கடையும் அப்படியேதான் இருக்கின்றன. நல்ல பராமரிப்பாளர் கிடைக்கும் வரை ஓரிரு மாதங்களுக்கு ஒப்பேற்றலாம். ஆண்டுக்கணக்கில் நீட்டிப்பவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

இதைவிடச் சட்டம் தந்திருக்கும் ஒரு சிறு வாசலைத் தட்டிப் பார்ப்பது மேல். 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக்கியது. தந்தைக்கு 7 நாள் விடுப்புத் தந்தது. வாரத்தின் அதிகபட்ச வேலை நேரத்தை 48இலிருந்து 45 மணியாகக் குறைத்தது. இவற்றோடு, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம் என்றும், முதலாளி 60 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும் என்றும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்றும் வகுத்தது. கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்பதில்லை. உற்பத்தி வரிசையை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் சாதாரண நேர வேலைக்கு மாற்றக் கேட்பது நியாயமான கேள்வி. ஷிப்டு அலவன்ஸும் மிகைநேர ஊதியமும் போகும் என்பதைத் தெரிந்துகொண்டே கேட்க வேண்டும்.

வேலையை விடுவது பற்றி உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுப்பவர்களே அதிகம் என்பதால் எண்களைப் பார்த்துவிடுவோம். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போக, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் பிடிப்பும் போக, கைக்கு ஏறக்குறைய 1,500 வெள்ளி வரும். இரு பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பராமரிப்புக் கட்டணம் 900 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 600. “இந்த அறுநூறுக்கா இந்தப் பாடு?” என்று யாரும் கேட்பார்கள். கேள்வியில் விடுபடுவது, முதலாளி சேமநிதியில் போடும் 13 விழுக்காடு. அந்த 221 வெள்ளியும் அவளுடைய 187 வெள்ளியும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி அவள் பெயரில் சேர்கிறது. ஆகக் கிடைப்பது ஆயிரத்துக்குச் சற்று மேல். பராமரிப்புக் கட்டணம் சில ஆண்டுகளில் குறைந்துவிடும், ஆனால் நின்றுபோன சேமநிதி தானாகத் திரும்பி வராது. பணத்தை விடுங்கள்: எட்டு முதல் பத்து மணி வரை மூச்சு முட்டியவளுக்கு இனி நாள் முழுவதும் அதே அறையில்தான் பொழுது. சிலருக்கு இது உண்மையான விடுதலை; அடிக்கடி வலிப்போ மூச்சிரைப்போ வரும் பிள்ளை இருந்தால் வேறு பேச்சே இல்லை. அப்படி விடுபவர்கள், 2022 டிசம்பரில் தொடங்கிய சொக்சோவின் இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டிச் சேர்ந்துகொள்வதை முதல் மாதமே செய்துவிட வேண்டும்.

காசு கேட்காத வழி ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அது தகப்பன். பிள்ளையைக் கொஞ்ச நேரம் தூக்கிக்கொள்ளச் சொன்னால் தூக்கிக்கொள்ளும் தகப்பன்மார்கள் நிறைய இருக்கிறார்கள். சொல்லாமலே, குறிப்பிட்ட ஒரு நேரம் முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்பவர்கள் குறைவு. எட்டு முதல் ஒன்பது மணி வரை குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் பால் போத்தல் கழுவுவதும் அவர் பாடு என்று வைத்து, அந்த ஒரு மணி நேரம் அவள் வேறு அறையில் இருந்தால், “சட்டை எங்கே, துண்டு எங்கே” என்று கூப்பிடாமல் இருந்தால், மற்ற ஏற்பாடுகளின் செலவே குறையும். பணம் கொடுத்து எதையும் அமர்த்துவதற்கு முன் இதை ஒரு மாதம் செய்து பார்க்க வேண்டும் என்பேன். கைப்பேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, இரண்டு வயது நிரம்பாதவர்களுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதினருக்கு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. சோறு வடிக்கும் அரை மணி நேரம் மூன்று வயதுக்காரன் கார்ட்டூன் பார்ப்பதற்காக எந்தத் தாயும் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. அதையே நாள் முழுவதற்குமான ஆயாவாக்கிவிடக் கூடாது.

இதுவரை சொன்னவை களைப்புக்கான வழிகள். களைப்பாகத் தோன்றும் எல்லாமே களைப்பு அல்ல என்பதால் கிளினிக்கை இந்தப் பட்டியலில் ஒன்றாக வைக்காமல், எந்த வழியோடும் சேர்த்தே வைக்க வேண்டும். பிரசவமான சில நாளில் வரும் காரணமற்ற அழுகை பொதுவாக இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதற்குப் பிறகும் மனம் இருண்டே இருந்தால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் கடந்தால், எவ்வளவு நல்ல பராமரிப்பாளரும் அதைச் சரிசெய்ய முடியாது. தகப்பனுக்கும் இது வரும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே தாதியிடம் சொல்லலாம், சில கேள்விகள் கொண்ட ஒரு தாளை நிரப்பச் சொல்லலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555ஐ அழைக்கலாம்; 15999 தாலியான் காசிஹ் (Talian Kasih) உதவி எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயம் ஒரு கணம் எழுந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அழுகை நிற்காத குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் வாசலில் போய் நிற்பது தவறே இல்லை. எந்தக் கோபத்திலும் கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது.

ஷிப்டு வேலை பார்க்கும் பெற்றோருக்கு, கைக்குழந்தை இருக்கும் காலத்தில், நடந்து போகும் தூரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாத ஓர் அக்கா, மாலையில் தகப்பனின் ஒரு மணி நேரம், உடம்பு ஒத்துழைத்தால் வாரத்தில் சில மாலைகளுக்குப் பாட்டி என்ற கலவையையே நான் பரிந்துரைப்பேன். கட்டணம் கூடுதலாகத் தெரிந்தாலும், ஏதாவது ஒன்று தவறும் நாளில் மற்றவை தாங்கும். வீட்டிலேயே இருக்கும் தாய்க்கு இதே கலவை பொருந்தாது. பெரியவன் சேர்க்கும் வயதை எட்டியிருந்தால், அவனை முற்பகலில் மட்டும் பாலர் பள்ளிக்கோ அரசின் மழலையர் வகுப்பான கெமாஸ் தபிகாவுக்கோ அனுப்புவது, அவளுடைய அந்தப் பதினொரு மணியை நேராகப் போய்த் தொடும்.

பிள்ளை வளர வளர இந்த ஏற்பாடும் மாறும். தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் இடம் கிடைத்துவிட்டால் பராமரிப்புச் செலவு தீர்ந்தது என்று நினைத்து அக்காவிடம் உடனே கணக்கை முடித்துவிடுகிறார்கள். பாலர் வகுப்பு நண்பகலோடு விட்டுவிடும். பெற்றோரின் பேருந்து வர இன்னும் எட்டு மணி நேரம் இருக்கும். வேன்காரரிடம் பேசும்போதே பிள்ளையை எந்த வாசலில் இறக்க வேண்டும் என்பதையும் பேசிவிட்டு, அரை நாள் கட்டணத்துக்கு அக்காவை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.